பார்த்தாச்சு

காற்றைத் தவிர இங்கே குடியிருப்பவர்கள் யாரும் கிடையாது, மற்றதெல்லாம் வந்து போகிறதுதான் என்று சுகந்திக்குத் தோன்றியது. தோன்றிய உடனே எரிச்சலும் வந்தது, ஏனென்றால் இப்படியெல்லாம் தோன்றுகிற ஆள் அவள் இல்லை, அவளுக்குத் தோன்றுவது பையிலிருக்கும் தக்காளிச் சாதத்தில் எண்ணெய் கசிந்திருக்குமா, பங்களாவில் கொடுத்த ஃப்ளாஸ்க்கின் மூடி சரியாக மூடுகிறதா, இதுதான். கண்ணுக்கு எட்டியவரை புல். பங்குனி மாதத்துப் புல், பழையது காய்ந்து வெளுத்துக் கிடக்க அதன் நடுவிலேயே புதுசு பச்சையாகக் குத்திக்கொண்டு வருகிறது, சாயம் போட மறந்த தலை மாதிரி. ஒரு மேடு, அதற்குப் பின்னால் இன்னொரு மேடு, பள்ளங்களில் மட்டும் கருகருவென்று சோலைக்காடு, அதன் ஓரத்தில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்து, வீட்டுக்குள்ளிருந்து யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது. ரிசர்வ் காட்டுக்குள் நாயை விடமாட்டார்கள் என்பதால் தயாளனுடைய சிநேகிதரின் எஸ்டேட் பங்களாவில் தங்கி, தேயிலை முடிகிற இடத்திலிருந்து மேலே ஏறி வந்திருந்தார்கள். முன்னால் மகள் மிருதுளா, அவள் கையில் வாரை இழுத்துக்கொண்டு கறுப்பு நாய் மிளகு, நடுவில் கழுத்தில் பைனாகுலரோடு தயாளன், கடைசியில் சோற்றுப் பையைச் சுமந்துகொண்டு இவள். மிருதுளா போட்டிருந்த மஞ்சள் ஜாக்கெட் கண்ணைக் குத்தியது. பறவை பார்க்கப் போகிறவள் போடுகிற கலரா இது, பெங்களூரில் சம்பாதிக்கிறோம் என்ற திமிர். ஒற்றையடிப் பாதை, பேச்சு கூடாது, கையைத் தூக்கினால் நிற்க வேண்டும், இறக்கினால் நடக்க வேண்டும், எல்லாம் தயாளன் போட்ட சட்டம். கல்யாணம் ஆனதிலிருந்து இந்தச் சட்டத்துக்குள் அவள் எத்தனை மலை ஏறியிருப்பாள், எத்தனை குளக்கரையில் கொசுக்கடி வாங்கியிருப்பாள். கூடப் பிறந்தவர்களை எல்லாம் புருஷன்மார் தியேட்டருக்கும் கடைக்கும் கூட்டிப்போனார்கள், இவளுக்கு வாய்த்தவர் கொக்கைக் காட்டினார்.

தயாளன் கை தூக்கினார். எல்லோரும் நின்றார்கள். அவர் தோள் லேசாக முன்னால் வளைந்தது, அப்படி வளைந்தால் என்னமோ அகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அந்தத் தோளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. "அந்தக் கல்லுக்கு இடது பக்கம்," என்றார், மூச்சுவிடுகிற சத்தத்தில். "நெட்டைக்காலி. தெரியுதா? வாலை ஆட்டறான் பாரு." கல் தெரிந்தது, கல்லுக்கு இடது பக்கம் புல் தெரிந்தது, புல் ஆடியது. "பார்த்தாச்சு," என்றாள் சுகந்தி. சொல்லி முடிக்கிறதுக்குள் மிருதுளாவின் தலை திரும்பியது. அம்மாவையே பார்த்தாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். சுகந்தி குனிந்து செருப்பில் ஒட்டிய முள்ளை எடுத்தாள், அங்கே முள் எதுவும் இல்லை.

ஒரு பறவை ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் அது கணக்கில் வராது. அதுதான் அவருடைய சட்டங்களிலேயே பெரிய சட்டம். மில்லிலிருந்து கொண்டுவந்தது. நூலின் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர், கூடத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற இழையில் முடிச்சு விழுந்ததை இந்தக் கோடியிலிருந்து சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் கல்யாண வீட்டிலெல்லாம் பெருமை பேசுவார்கள். ஆனால் அவரே பார்த்தாலும் சரி, இரண்டாவதாக ஒரு ஆள் பார்த்துத் தலையாட்டினால்தான் சரக்கு வெளியே போகும். ஒத்தைக் கண்ணு நினைச்சதைப் பார்க்கும், ரெட்டைக் கண்ணுதான் இருக்கறதைப் பார்க்கும் என்று கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொன்னார், அவள் அப்போது அதை ஏதோ காதல் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள், முட்டாள். இரண்டாவது ஆளாக அவளைப் போட்டுக்கொண்டார் என்பது போகப் போகத்தான் புரிந்தது. முதல் ஒன்றிரண்டு வருஷம் நிஜமாகவே பார்த்தாள். கழுத்து வலிக்க வலிக்க, ஒரு கண்ணை மூடி, எங்கேங்க, எந்தக் கொப்பு, பக்கத்துக் கொப்பா என்று கேட்டுக் கேட்டு. பிறகு மிருதுளா பிறந்தாள், இடுப்பில் குழந்தை, தோளில் பை, வெயில், மூத்திரம் முட்டிக்கொண்டு வரும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இந்த மனுஷன் மரத்தடியில் நின்றுகொண்டு தெரியுதா தெரியுதா என்பார். பார்த்தாச்சு என்றாள். அவர் முகம் மலர்ந்தது, கால் நகர்ந்தது. அவ்வளவுதான், அதில் என்ன பாவம், வேகாத பருப்பை வெந்துவிட்டது என்று சொல்லவில்லையே. பறவை இருந்தது, இவள் பார்க்கவில்லை, அவர் பார்த்தார், அவர் பார்த்தால் போதாதா? போதும். அவர் கண் அப்படி.

அப்படித்தான் இருந்தது. இருந்தது என்று நினைக்கும்போதே நாக்கில் ஏதோ இடறியது. காலையில் பங்களா சமையலறையில் மிருதுளா கதவைச் சாத்திக்கொண்டு வந்தபோதே தெரியும், இவள் கதவைச் சாத்தினால் நல்ல சமாச்சாரம் இருக்காது. "அம்மா, திங்கக்கிழமை நரம்பு டாக்டர் என்னைக் கேக்க மாட்டார், உன்னைத்தான் கேப்பார். கூட இருக்கறது நீ." "கேக்கட்டும், எனக்கென்ன வாயில்லையா." "வாய்தான் இருக்கே. அதுதான் பயம்." கழுதை, அந்த நாக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். "இன்னிக்கு மட்டும் ஒண்ணு செய். அப்பா எதைக் காட்டினாலும், பார்த்தாப் பார்த்தேன்னு சொல்லு, பார்க்கலைன்னா இல்லைன்னு சொல்லு. இத்தனைதான். நீ ஆமா ஆமான்னு போட்டுக்கிட்டே இருந்தா அவருக்கு எது நிஜம்னு எப்படிம்மா தெரியும்?" தக்காளி வதங்கிக்கொண்டிருந்தது, சுகந்தி கரண்டியைப் போட்டுப் புரட்டினாள். தெரியாமல் என்ன, அவருக்கு எல்லாம் தெரியும், கண்புரை ஆபரேஷன் பண்ணிய கண் கொஞ்ச நாள் அப்படித்தான் விளையாட்டுக் காட்டும், பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடப் பூச்சி பறந்தது. பூச்சி பறப்பது வேறு, அன்றைக்கு நடந்தது வேறு. அதை மட்டும் நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தாள், நினைக்கக்கூடாது என்று வைத்தது எல்லாம் ஏறுகிற மூச்சோடு சேர்ந்து மேலே வரும் போலிருக்கிறது. மாசியில் ஒரு மத்தியானம் அவர் சமையலறைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை, எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கேங்க என்றதற்கு, "கார் ஷெட்டுல ரெண்டு குழந்தைங்க உக்காந்திருக்குது, வெயிலுக்கு ஒதுங்கினாப்பல இருக்குது, நீ பார்க்கலை?" என்றார். அடுப்பில் பால். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பார்த்தாச்சு பார்த்தாச்சு, குடுத்துட்டு வந்து சாப்பிடுங்க." சாயங்காலம் கோலமாவு எடுக்கப் போனபோது ஷெட்டுத் தரையில் சொம்பு நிறையத் தண்ணீர் அசையாமல் இருந்தது. தண்ணீரின் மேல் ஓட்டுச் சந்திலிருந்து வெளிச்சம் விழுந்து, கண் மாதிரி. அவள் அதைச் செம்பருத்திக்கு ஊற்றினாள். ஊற்றிவிட்டுச் சொம்பைத் தேய்த்து, மறுபடி ஒரு தரம் தேய்த்து, மேல் தட்டில் வைத்தாள், அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை.

இல்லை என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் நோயாளி. மிருதுளாவுக்கு இது புரியாது, அவளுக்கு எல்லாம் டெஸ்ட், ரிப்போர்ட், மாத்திரை. ஒரு இல்லையைச் சொன்னால் அடுத்த இல்லைக்கு அவர் இவள் முகத்தைப் பார்ப்பார், பிறகு ஒவ்வொன்றுக்கும் பார்ப்பார், சாம்பாரைப் பார்த்து இவள் முகத்தைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்த்து இவள் முகத்தைப் பார்ப்பார், முடிச்சைக் கோடியிலிருந்து கண்டுபிடித்த மனுஷன். முடியாது. ஆமாம் என்பது ஒரு சின்ன வார்த்தை, வாயில் உமிழ்நீர் மாதிரி இருக்கிறது, முழுங்கிவிட்டுப் போகலாம். முழங்கால் வலித்தது. மலை ஏறினால் வலிக்கும், இறங்கினால் அதைவிட வலிக்கும். மேலே எங்கேயோ வானம்பாடி ஒன்று பாடிக்கொண்டே இருந்தது, நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், எங்கே என்று பார்த்தால் வானம்தான் இருந்தது. இது இருக்கிறதா? எல்லோருக்கும் கேட்கிறதா? மிளகு காதைத் தூக்கியிருந்தது. சரி, நாய்க்குக் கேட்கிறது. நாயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற நிலைமைக்கு வந்தாயிற்று.

மூர். இந்தச் சொல்லை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது கான்வென்ட்டில் சிஸ்டர் எவாஞ்சலின். இங்கிலீஷ் பாடத்தில் வந்தது, மூர் என்றால் என்ன என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை, சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே கையை வீசி, மரமில்லாத மேடு, வீடில்லாத நிலம், ஊட்டிக்கு மேலே போனால் இருக்கிறது, அங்கே நீங்கள் தனியாக நடந்தால் தனியாக நடக்கிற மாதிரி இருக்காது என்றார். ஏன் சிஸ்டர் என்று கேட்டது சுகந்திதான், எப்போதும் அவள்தான். சிஸ்டர் பக்கத்தைத் திருப்பினார். அதே சிஸ்டர்தான் நீதிபோதனை வகுப்பில், தூர தேசத்துக் குகையில் ஒரு ஏழைப் பெண்ணுக்கு மாதா காட்சி கொடுத்த கதையைச் சொன்னார், கூட இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, பாறைதான் தெரிந்தது என்றார். மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பெண் பார்த்தது உண்மை என்று எப்படி சிஸ்டர்? மத்தியானம் பூராவும் வராந்தாவில் முட்டி போட வைத்தார்கள். சிவப்பு சிமெண்டுத் தரை, பாவாடைக்கு அடியில் மணல் குத்தியது, எதிரே சுவரில் மாதா படம், அது தன்னைப் பார்க்கிறதா என்று சுகந்தி விடாமல் பார்த்தாள், கண்ணில் நீர் வருகிறவரை பார்த்தாள், பார்க்கப் பார்க்கப் படம் லேசாக மூச்சுவிட்டது. விட்டதா? சாயங்காலம் சிஸ்டர் வந்து, பார்த்தாயா என்று கேட்டபோது, பார்த்தேன் சிஸ்டர் என்றாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சிஸ்டர் அவள் தலையில் கை வைத்து அழுதார். சீ, எதற்கு இப்போது அந்தக் கிழவியின் ஞாபகம், செத்துப் போய் எவ்வளவு நாளாயிற்றோ.

பாதை சோலையை ஒட்டிப் போனது. உள்ளே யாரோ சிரித்தார்கள். ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் சேர்ந்துகொள்ள, ஒரு கூட்டமே அடக்க முடியாமல் சிரிக்கிற மாதிரி, திடீரென்று எல்லோரும் ஒன்றாக நிறுத்திவிட்டார்கள். "சிரிப்பான்," என்றார் தயாளன், திரும்பாமலே, "பறவைதான், பயந்துக்காதே." "நான் எதுக்குப் பயப்படறேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்." மிருதுளாகூடச் சிரித்தாள். "அம்மாவைப் பார்த்துத்தான் சிரிக்குது." "ஆமாண்டி, உன் ஜாக்கெட்டைப் பார்த்து அழுதுட்டிருந்துச்சு, இப்பத்தான் சிரிக்குது." கொஞ்ச நேரம் எல்லாம் சரியாக இருந்தது, ஒரு குடும்பம் மலைக்கு வந்திருக்கிறது, வெயில் இருக்கிறது, நாய் இருக்கிறது. அப்போதுதான் தயாளன் பாதையை விட்டு ஒரு எட்டு இறங்கிப் புல்லில் நின்றார். கையை உயர்த்தவில்லை, தோள் வளையவில்லை, பைனாகுலரைத் தொடவில்லை. எதிரே வருகிறவருக்கு வழி விடுகிற மாதிரி நின்று, தெரிந்த முகத்துக்குச் செய்கிற மாதிரி தலையை லேசாக அசைத்து, வந்தவர் கடந்து போகிறவரை பொறுத்திருந்து, பிறகு மறுபடி பாதையில் ஏறி நடந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த மிருதுளா இதைப் பார்க்கவில்லை. சுகந்தி பார்த்தாள். பார்த்தவள், தானும் பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நிற்பதை அதற்கப்புறம்தான் பார்த்தாள். கால் தானாக இறங்கியிருக்கிறது. பையைக்கூட மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள், இடிபடாமல். முகத்தில் காற்று பட்டது, காற்றுத்தான், இந்த மேட்டில் காற்றைத் தவிர வேறு என்ன, ஆனால் அது அவளைக் கடந்து போகிற வரைக்கும் இருந்துவிட்டு நின்றது. அவளால் உடனே பாதையில் ஏற முடியவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்பிப் பார்த்தால், பார்க்கக் காத்திருந்தவள் மாதிரி ஆகிவிடும்.

மூடுபனி எப்போது கிளம்பியது என்று யாரும் சொல்ல முடியாது, அது கீழேயிருந்துதான் ஏறி வந்தது, பள்ளத்தில் பால் பொங்குகிற மாதிரி, முதலில் சோலை போயிற்று, அப்புறம் சிவப்புப் பூ. அந்த நேரம் பார்த்து மிளகு வாரைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடியது, எருமை வாசமோ என்ன கண்றாவியோ. "மிளகு! டேய்! அம்மா, நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க, நகராதீங்க, நான் பிடிச்சுட்டு வந்துடறேன்!" மஞ்சள் ஜாக்கெட் மேட்டின் மேல் ஏறியது, வெளுத்தது, போய்விட்டது. சிறுத்தை இருக்கிற மலை, நாயென்றால் அதற்கு லட்டு மாதிரி என்று காலையில்தான் பங்களாவில் சொன்னார்கள், சொன்னவர்கள் வாயை... எதற்கு இந்த நாயைக் கூட்டிவர வேண்டும், எதற்கு வர வேண்டும், திங்கட்கிழமைக்கு முன்னால் அப்பாவை ஒரு தரம் மலைக்குக் கூட்டிப்போகலாம்மா என்றாள், அது என்ன பேச்சு, ஒரு தரம் என்றால் என்ன அர்த்தம், திங்கட்கிழமைக்குப் பிறகு மலை இடிந்து விழப்போகிறதா? கையில் ஈரம் பிடித்தது. ஃப்ளாஸ்க் மூடி கசிகிறது போலிருக்கிறது, பையின் அடி சூடாக இருந்தது, டீ சாதத்தில் இறங்கினால் மத்தியானம் எல்லோரும் பட்டினி. அவள் குனிந்து பையைத் திறந்தாள். "அட, மிருது கீழ நிக்கறா பாரு," என்றார் தயாளன். "அந்தப் பள்ளத்துல. கூப்பிடறா. தெரியுதா?" மூடி திருகு மேல் திருகாக ஏறி மாட்டிக்கொண்டிருந்தது, விரல் சுட்டது. "பார்த்தாச்சு," என்றாள் சுகந்தி, "போங்க, வர்றேன்."

மூடியைத் திருப்பித் திருகி, சாதத்தின் டப்பாவை நிமிர்த்தி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். மேலேயிருந்து நாய் குரைத்தது. மேலேயிருந்து. "மிளகு, வா, வந்துட்டியா கண்ணு, வாடா," என்று மிருதுளாவின் குரலும் மேலே, மேட்டுக்கு அந்தப்புறம், தெளிவாக. சுகந்தி தலையைத் தூக்கினாள். பாதை இருந்தது. தான் இருந்தாள். தயாளன் நின்ற இடத்தில் புல் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது. கீழே பள்ளம், பள்ளத்தில் வெள்ளை. இந்த மாதிரிப் பள்ளங்களைப் பற்றித்தான் காலையில் கிளம்பும்போது அவர் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், பார்க்கப் புல் மாதிரி இருக்கும், அடியில் முழுக்கச் சேறு, எருமையே இறங்கினால் ஏறாது என்று, அவர்தான் சொன்னார், அவருக்குத் தெரியும், தெரிந்தவர் ஏன் இறங்கினார், மகள் நிற்கிறாளே, இரண்டாவது ஆள் பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டாளே, சரக்கு வெளியே போயிற்று. "மிருது கண்ணு, நில்லு சாமி, அப்பா வந்துட்டேன்," அவர் குரல் கீழே, சந்தோஷமாக, தள்ளிப் போய்க்கொண்டே. அவள் கத்தினாள், கத்தியதாகத்தான் நினைத்தாள், தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது, கனவில் கத்துகிற மாதிரி. என்னங்க என்பதா, நில்லுங்க என்பதா, நில்லுங்க என்றால் நிற்க மாட்டார், எதிரே மகள் கூப்பிடும்போது பின்னால் நின்றுகொண்டு நில்லுங்க என்கிறவளை யார் கேட்பார்கள். ஒரே ஒரு வார்த்தைதான் அவரை நிறுத்தும், அந்த வார்த்தையை அவளுடைய வாய் அவரிடம் சொன்னதே கிடையாது, எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, பரணில் போட்ட பாத்திரம் மாதிரி. "இல்லை!" என்றாள். "இல்லைங்க! நான் பார்க்கலை! அங்க யாரும் இல்லை! நான் பார்க்கவே இல்லை!" கீழே சத்தம் நின்றது. மூடுபனிக்குள் எல்லாம் நின்றது, வானம்பாடிகூட.

உட்கார்ந்து உட்கார்ந்து சறுக்கி இறங்கினாள், புடவை எங்கே மாட்டிக் கிழிந்தது என்று தெரியவில்லை. அவர் முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றுகொண்டிருந்தார், அப்படியே, அசையாமல், கை மட்டும் யாரையோ பிடிக்கப் போகிற மாதிரி முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கைக்கு எதிரே ஒன்றும் இல்லை. வெள்ளை. கொஞ்சம் கோரை. சேறு அவர் காலைச் சுற்றி வாய் மாதிரித் திறந்து மூடியது. "பின்னால சாயுங்க. என் கையைப் பிடிங்க. மெதுவா." அவர் சொன்னபடி கேட்டார், ஒரு காலை உருவினார், மறு கால் ஷூவை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது. இரண்டு பேரும் கெட்டியான புல்லில் விழுந்து உட்கார்ந்தார்கள், மூச்சு இரைத்தது, யார் மூச்சு எது என்று பிரிக்க முடியவில்லை. அவர் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் நிக்கறா," என்றார். "மஞ்சச் சட்டை." "இல்லைங்க." "நீ பார்த்தேன்னியே." "பார்க்கலை. ஃப்ளாஸ்க் மூடியைப் பார்த்துக்கிட்டிருந்தேன்." அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். இதற்குத்தான் பயந்தாள், இந்தப் பார்வைக்கு, ஆனால் அதில் கோபம் இல்லை, கூடத்தின் கோடியில் ஓடுகிற இழையைப் பார்க்கிற பழைய கண்ணாகத்தான் இருந்தது, இவளிடம் முடிச்சு எங்கே என்று தேடியது. "காலையில அந்த நெட்டைக்காலி?" "தெரியலை. நான் பார்க்கலை." "அதுக்கு முன்னால?" அவள் கிழிந்த புடவையை இழுத்து முழங்காலில் போட்டுக்கொண்டாள். "சரி," என்றார். பிறகு, "ஷெட்டுல அந்தக் குழந்தைங்க?" "இல்லைங்க. தண்ணி அப்படியேதான் இருந்தது." "அட கடவுளே," என்றார் மெல்ல, தனக்காக இல்லை, யாரோ குழந்தைகளுக்காகச் சொல்கிற மாதிரி. அவர் கை சில்லென்று இருந்தது. அதை அவள் விடவில்லை.

"அம்மா! அப்பா! எங்க இருக்கீங்க?" மேலே மிருதுளா, கூட நாயின் குரைப்பு. "இங்கதாண்டி! அங்கயே நில்லு, நாங்க ஏறி வர்றோம்! இறங்காதே!" எழுந்தார்கள். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சேறும் சாக்ஸும், அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறும்போதே கேட்டார், விளையாட்டுக் குரலில், ஆனால் விளையாட்டு இல்லை. "இந்தக் கல்லு?" "இருக்கு." "அந்தப் பூ, சிவப்பு?" "இருக்கு, ரெண்டு கொத்து." "மேல குரைக்கறது?" "நம்ம மிளகுதான். கேக்குது." "மரத்தடியில யாரோ குத்துக்கால் போட்டு?" அவள் நின்று பார்த்தாள். "இல்லைங்க. வேர்தான்." "வேரா," என்றார், "அப்படியா," என்று சொல்லி அந்த வேரை ஒரு தரம் உற்றுப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பையன் தப்பை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிற மாதிரி, "வேர்," என்றார். ஒரு ஆமாவுக்கு இத்தனை காலமாக எத்தனை நேரம் பிடித்தது, வாயைத் திறந்து மூடுகிற நேரம். ஒரு இல்லைக்கு நிற்க வேண்டியிருக்கிறது, பார்க்க வேண்டியிருக்கிறது, இனிமேல் சாம்பாருக்கும் கண்ணாடிக்கும் வாசலில் நிற்கிற நிழலுக்கும், ஒவ்வொன்றுக்கும். திங்கட்கிழமை டாக்டர் கேட்பார், இவள் சொல்வாள், அது ஒரு நாள், மற்ற நாளெல்லாம் இவர் கேட்பார்.

மேடு தெரிந்தது, அதன் மேல் மங்கலாக மஞ்சள், அதன் காலடியில் கறுப்பு, இரண்டும் இருந்தன, அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். தயாளன் நின்றுவிட்டார். அவள் தோளில் இருந்த கை இறுகியது. "சுகந்தி," என்றார், திரும்பாமல், மிகவும் மெதுவாக. "நமக்குப் பின்னால ஏறி வர்றாங்க." "யாரு?" "தெரியலை. ஒரு பொம்பளை. கையில என்னமோ தூக்கிக்கிட்டு. நம்மளை மாதிரியே மெதுவாத்தான் வர்றாங்க. நாம நின்னதும் நின்னுட்டாங்க." கழுத்துக்குப் பின்னால் ஈரம் ஊர்ந்தது. இல்லை என்று சொல்லலாம், இப்போது அந்த வார்த்தை சுலபமாக வரும், வாய்க்குள் தயாராக இருக்கிறது, ஆமாவைப் போலவே வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அவர் நம்பிவிடுவார், நடந்துவிடலாம், மேலே மகள் இருக்கிறாள், பங்களா இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. ஆனால் அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் சொன்னால் அது எந்த வார்த்தையாக இருந்தால் என்ன? பின்னால் புல்லில் ஏதோ சரசரத்தது, காற்றாக இருக்கலாம். "அம்மா, என்ன அங்கயே நின்னுட்டீங்க? வாங்க!" சுகந்தி பையைக் கீழே வைத்தாள். முழங்காலை ஊன்றி, உடம்பு முழுக்கத் திரும்பினாள். வெள்ளை. வெள்ளைக்குள் புல். புல்லுக்குப் பின்னால் கொஞ்சம் கருமை, அது அசைந்ததா, பனி அசைந்ததா. கண்ணைச் சுருக்கினாள். இடது கோடியிலிருந்து தொடங்கினாள், ஒவ்வொரு முழமாக.

"இருக்கா, இல்லையா?" என்றார் தயாளன்.

"இருங்க," என்றாள். "இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்."